மேலே வானம் மட்டும்

கட்டிலின் தலைமாட்டை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றபோதுதான் ரூபிந்தருக்கு அது உறைத்தது.

புது வீட்டின் மாடிப் படுக்கையறை அது. கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடி தச்சர் காத்திருந்தார். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தலை வைத்தால் விழித்ததும் கோதுமை வயல் தெரியும். ஆனால் கால் எந்தத் திசையில் நீளும் என்று பார்க்க வேண்டாமா? குரு இருக்கும் பக்கம் கால் நீட்டக் கூடாது என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே ஊறிப்போன பழக்கம். குருவை வைக்கப்போகும் பாபாஜி அறை எந்தப் பக்கம் என்று மனசுக்குள் தேடினாள். கிழக்கில் இல்லை. மேற்கிலும் இல்லை. அவள் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு நேர் கீழே இருந்தது.

தரைக்கடியில் தணல் இருப்பதுபோலக் கால் கூசியது. பக்கத்துக் கதவைத் திறந்து பார்த்தாள். கணவன் தேஜ்பால் இத்தாலியிலிருந்து வரவழைத்த வெள்ளைக் குளியல் தொட்டி யானைக்குட்டி மாதிரி அங்கே படுத்திருந்தது. அதுவும் கீழறைக்கு நேர் மேலேதான். கட்டிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தச்சரை அனுப்பிவிட்டு, சுவரோரமாகவே நடந்து வெளியே வந்தாள்.

சீக்கியர்களுக்கு வேதநூலான குரு கிரந்த சாகிப்தான் குரு, பாபாஜி எல்லாம். அந்தக் குருவின் தலைக்கு மேல் மனிதர்கள் நடமாடக் கூடாது. அது லூதியானாவில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை. வீட்டில் குருவை எழுந்தருளச் செய்கிறவர்கள் அதனால்தான் மாடியின் கடைசி அறையை ஒதுக்குவார்கள். கையில் கொஞ்சமாகக் காசு இருக்கிறவன் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. இரண்டறை வீடென்றால் மேலறை குருவுக்கு, கீழறை நமக்கு, தீர்ந்தது. வீடு பெரிதாகப் பெரிதாகத்தான் எது எதற்கு மேலே என்பது மறந்துபோகிறது.

தேஜ்பாலுக்கு ஸ்வெட்டர் கம்பெனி. சௌரா பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து வீட்டில், நூல் மூட்டைகளுக்கு நடுவில் இருபது வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, பக்கோவால் சாலையில் இந்த வீட்டைக் கட்டியிருந்தான். கேட்டைத் திறந்ததும் பாபாஜியின் அறை கண்ணில் பட வேண்டும் என்பது அவன் ஆசை. பால் மாதிரி சலவைக்கல், தங்க முலாம் பூசிய விதானம், கூரையில் மறைவிளக்கு. படம் வரைந்த டெல்லிக்காரருக்கு எல்லா அறையும் அறைதான். கீழ்த்தளத்தின் படத்தை ஒரு நாள் காட்டினார், மேல்தளத்தின் படத்தை வேறொரு நாள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, ரூபிந்தரையும் சேர்த்துத்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குரு எழுந்தருளுகிறார். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. இன்று புதன். உடனே தேஜ்பாலுக்குப் போன் செய்ய அவள் கை போனது. பாதியில் நின்றுவிட்டது.

ஏனென்றால் அந்த வீட்டில், மேலே வானத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவளுடையது.

வீட்டுக்குப் படம் போடும்போது ஆளுக்கொன்று கேட்டார்கள். சண்டிகரில் படிக்கும் மகள் கண்ணாடி அலமாரி கேட்டாள். தேஜ்பால் குளியல் தொட்டி கேட்டான், மொட்டை மாடிக்கு விமானம் மாதிரி தண்ணீர்த் தொட்டி கேட்டான், வாசலில் சிங்கம்கூடக் கேட்டான். சிங்கத்தை ரூபிந்தர்தான் தடுத்தாள். தனக்கென்று அவள் கேட்டது மொட்டை மாடியில் ஒரு சின்ன அறை. அலமாரி வேண்டாம், விசிறிகூட வேண்டாம். சந்து வீட்டில் விடியற்காலைப் பாராயணத்தை அவள் அடுப்படியில் நின்றபடி, பின்னல் மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவில்தான் இத்தனை வருஷம் சொல்லியிருந்தாள். இங்கே குடிவந்து, வேலை முடியும்வரை கீழே விருந்தினர் அறையில் தங்கியிருந்த இந்த ஒரு மாதமாக, இருட்டுப் பிரிவதற்குள் குளித்துவிட்டு மேலே போய்ப் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவாள். வாகேகுரு, வாகேகுரு என்று மூச்சோடு மூச்சாக நாமம் ஓடும். வயலிலிருந்து காற்று வரும். உலகத்தில் ஒருவரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

தேஜ்பாலும் தியானம் செய்கிறவன்தான். மனம் எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதை அவனுடைய கைக்கடிகாரம் எண் போட்டுக் காட்டும். அதைப் படமெடுத்து நூல் வியாபாரிகளின் குழுவில் போடுவான். போட்டி போட்டுக்கொண்டு அமைதியாக இருக்கும் கூட்டம் அது. ரூபிந்தர் அதைப் பார்த்து உதட்டுக்குள் சிரித்துக்கொள்வாள். இந்த மனுஷனுக்குச் சாமானில்லாமல் சாமிகூடக் கும்பிடத் தெரியாது என்று நினைத்துக்கொள்வாள். அப்படி நினைப்பதில் கொஞ்சம் சுகமும் இருந்தது.

புதன்கிழமை முழுக்க வாய் திறக்கவில்லை. வேலையாட்கள் இருக்கிறார்கள் என்று ஒரு சாக்கு. இரவு, அவன் களைத்திருக்கிறான் என்று இன்னொரு சாக்கு. வியாழன் காலை மேலே போய்க் கண்ணை மூடினால் நாமம் வரவில்லை. குளியல் தொட்டிதான் வந்தது.

அன்று மத்தியானம் கனடாவிலிருந்து நாத்தனார் ஹர்மீத் வந்து இறங்கினாள். வீட்டில் அவள் மீத்து. சர்ரேயில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறாள். வாய் மட்டும் லூதியானாவிலேயே தங்கிவிட்டது. வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்து, விமானத் தொட்டியைப் பார்த்து, அண்ணன் இதில் எப்போது டிக்கெட் கொடுப்பான் என்று கேட்டாள். கடைசியில் மொட்டை மாடி அறைக்குள் நுழைந்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, இத ஒளிச்சு வெச்சிருக்கீங்களே. எங்க ஊர்ல இப்படி உக்கார்றதுக்கு மலை மேல கூட்டிட்டுப் போவாங்க. பேசக் கூடாது, போன் கூடாது. அதுக்கு நம்மகிட்டயே காசு."

"சும்மா இருக்கறதுக்கா காசு?"

"அங்க சும்மா இருக்கறதுதான் அண்ணி ரொம்பக் காஸ்ட்லி."

வெள்ளிக்கிழமை விடியலில் ரூபிந்தர் மேலே ஏறியபோது அறையில் வெளிச்சம் இருந்தது. அவளுடைய பாய் மூலையில் சுருட்டிக் கிடந்தது. அந்த இடத்தில் ஊதா நிறத் திண்டு ஒன்றின் மேல் மீத்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு மெழுகுவத்தி. சோப்புக் கடை மாதிரி வாசனை. மூடிய கண்ணைத் திறக்காமலே, வாங்க அண்ணி என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினாள்.

சொந்த அறையில் விருந்தாளி மாதிரி ரூபிந்தர் சுவரோரம் உட்கார்ந்தாள். நாமத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். மனசு திண்டையே முறைத்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? பாயைச் சுருட்ட இவள் யார்? வெகு நேரம் கழித்து மீத்து எழுந்து, ஆஹா என்று சோம்பல் முறித்துக் கீழே போனாள். போனதுதான் தாமதம், ரூபிந்தர் திண்டையும் மெழுகுவத்தியையும் தூக்கி, வாடகை தராதவன் சாமானை வெளியே போடுவதுபோலப் படிக்கட்டின் தலையில் வைத்தாள்.

வைத்த பிறகு, குனிந்த வாக்கிலேயே நின்றுவிட்டாள்.

என் இடம். என் பாய். என் அமைதி. எத்தனை 'என்'! தேஜ்பாலின் ஆசையாவது சலவைக்கல்லாகக் கண்ணுக்குத் தெரிகிறது. நாலு பேர் பார்க்கலாம், கேலி செய்யலாம். அவளுடைய சாமான் கண்ணுக்குத் தெரியாத சாமான். இந்த வீட்டில் இருப்பதிலேயே அதுதான் கனம் என்று அவளுக்குப் பட்டது. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே, குரு ஒரு குளியல் தொட்டிக்குக் கீழே வந்து உட்காரட்டும் என்று மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். அழுகை வரும் என்று பார்த்தாள், சிரிப்புத்தான் வந்தது. திண்டைத் தட்டித் துடைத்துத் திரும்பவும் உள்ளே வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

தேஜ்பால் சாப்பாட்டு மேஜையில் உப்பு பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தான். மீத்து எதிரில் இருந்தாள்.

"ஏங்க," என்றாள் ரூபிந்தர். "நம்ம பெட்ரூமுக்கு நேர் கீழ என்ன இருக்கு?"

"என்ன இருக்கு, பாபாஜி ரூ..."

பிஸ்கட் டீக்குள் விழுந்தது. மாடிக்கு ஓடினான். மேலே தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. இறங்கி வந்து பாபாஜி அறையின் கூரையைப் பார்த்தான். மறுபடி மேலே போனான். மூன்றாம் தடவை படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஊரில் ஒருத்தன்கூட இதைச் சொல்லவில்லையே என்று முனகினான்.

"நீ எங்க சொல்ல விட்ட?" என்றாள் மீத்து. "வந்தவங்களை எல்லாம் இழுத்துட்டுப் போய், தொட்டியில வெந்நி எப்படி வருதுன்னுதானே காட்டிட்டு இருந்த."

தேஜ்பால் தலைப்பாகையைத் தடவிக்கொண்டான். பிறகு எழுந்து நின்று, தீர்ப்புச் சொல்வதுபோலச் சொன்னான்.

"பெட்ரூமைப் பூட்டிடலாம். தொட்டியைப் பேத்து எவனுக்காவது குடுத்துடறேன். நாம கீழயே படுத்துக்கலாம் ரூபி. இப்பவும் கெஸ்ட் ரூம்லதானே படுக்கறோம், ஒண்ணும் குறைஞ்சு போயிடல."

அவள் தலையாட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். மொட்டை மாடி அறை அவளுக்கே இருக்கும், தப்பும் சரியாகிவிடும். தேஜ்பாலை ஏறிட்டுப் பார்த்தாள். சந்து வீட்டில் கண் விழித்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும் என்று என்றோ அவள் சொன்னதை நினைவில் வைத்திருந்து, டெல்லிக்காரரோடு சண்டை போட்டு அந்தப் படுக்கையறை ஜன்னலை அகலமாக்கியவன் இவன். அதை ஒரு வாய் டீ குடிக்கிற நேரத்தில் விட்டுக்கொடுத்துவிட்டான். மேலே இன்னொரு அறை இருப்பதை அவன் வாயால் சொல்லவேயில்லை.

"மொட்ட மாடியில என் ரூம் இருக்கே. அதுக்கு மேல வானம்தான்."

"அது உன்னோடது."

"அதனால என்ன?"

"இவ்வளவு பெரிய வீட்ல நீ கேட்டது ஒண்ணே ஒண்ணு, ரூபி. குடுத்த கையாலயே அதத் திருப்பி வாங்கச் சொல்றியா?"

"எனக்கு புதன்கிழமையே தெரியும்ங்க," என்றாள். "சொன்னா அந்த ரூம் போயிடும்னுதான் சொல்லலை. மூணு நாளா நாமம் சொல்றேன்னு மேல உக்காந்து ரூமுக்குக் காவல் காத்துட்டு இருந்தேன்."

மீத்து கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். தேஜ்பால் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாடிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி முகம் முழுக்கப் பரவியது.

"அப்ப இந்த வீட்ல ஆசை புடிச்சவன் நான் ஒருத்தன் மட்டும் இல்ல. அப்பாடா. இத்தன வருஷமா உன் பக்கத்துல உக்காரவே கூச்சமா இருந்துச்சு."

"போதும் சர்தார்ஜி, ரொம்ப சந்தோஷப்படாதீங்க," என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, தங்க விதானம் மேலே கதவுக்குள் நுழையாதே, அதற்கு என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.

விதானம் நுழையத்தான் இல்லை. பழைய குருத்வாராவில் கேட்டு மரத்தாலான சின்னதொன்றை வாங்கி வந்தார்கள். சனிக்கிழமை முழுக்க மூன்று பேரும் முழங்காலில் நின்று மேலறையைக் கழுவினார்கள். கீழே காலியாகிவிட்ட சலவைக்கல் அறையை என்ன செய்வது என்று தேஜ்பால் கவலைப்பட்டபோது, அங்கே லங்கர், எல்லோருக்கும் பொதுவான பந்தி, போடலாம் என்று ரூபிந்தர் சொன்னாள். வந்தவர்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து பருப்பும் ரொட்டியும் சாப்பிடட்டும். லூதியானாவிலேயே இவ்வளவு வழவழப்பான தரையில் உட்கார்ந்து பருப்பு சாப்பிடும் வீடு வேறில்லை என்று மீத்து சான்றிதழ் கொடுத்தாள்.

ஞாயிறு காலை, வழியெங்கும் தண்ணீர் தெளித்தபடி ரூபிந்தர் முன்னால் வெறுங்காலோடு ஏறினாள். பின்னால் பட்டில் சுற்றிய குருவைத் தலையில் சுமந்துகொண்டு தேஜ்பால். அவனுக்குப் பின்னால் மீத்து வெண்சாமரம் வீசினாள். மொட்டை மாடிப் படி குறுகல். திருப்பத்தில் தேஜ்பாலின் தொப்பை கைப்பிடியில் இடித்தது. மூச்சு வாங்க நின்று, நாமம் சொல்லி, மறுபடி ஏறினான். அவன் நெற்றி வேர்வை தாடியில் இறங்குவதைத் திரும்பிப் பார்த்தபோது, கல்யாணத்தன்று இதே குருவைச் சுற்றி அவன் பின்னால் நடந்த நாலு சுற்றும் அவளுக்கு நினைவு வந்தது. அன்றும் இப்படித்தான் அவனுக்கு வேர்த்துக்கொட்டியது.

சின்ன அறை சட்டென்று நிரம்பிவிட்டது. மீதிப் பேர் மாடியிலும் படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். பிரசாதத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ரூபிந்தர் திரும்பிப் பார்த்தால், அவளுக்கு உட்கார இடமில்லை. முறுக்குக் கம்பி மாதிரி மீசை வைத்த யாரோ ஒரு மாமா அவளுடைய பழைய மூலையில் நிம்மதியாகக் கண்ணை மூடியிருந்தார். இருக்கட்டும் என்று வெளியே வந்து, வெயிலில் உட்கார்ந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. விருந்தாளிகள் போய்விட்டார்கள். குருவை வீட்டில் வைத்தால் வேலை உண்டு. விடியலில் பட்டைத் திறந்து பாராயணம் செய்ய வேண்டும், மாலையில் பள்ளிகொள்ளச் செய்ய வேண்டும். முதல் நாள் தானே படிப்பேன் என்று தேஜ்பால் அடம்பிடித்து, ஈரத் தாடியோடு வந்து உட்கார்ந்திருந்தான். மீத்து சாமரம் பிடித்தாள். பக்கத்து வீட்டுப் பல்பீர் அம்மாள், தினமும் வரலாமா என்று வாசலில் நின்று கூச்சத்தோடு கேட்டாள். கதவு திறந்துதானே இருக்கிறது, வாருங்கள் என்று ரூபிந்தர் அவளை உள்ளே தன் பாயில் உட்கார வைத்தாள். தான் நிலைப்படிக்கு வெளியே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

தேஜ்பால் தப்பும் தவறுமாகப் படித்தான். ஒரு வரியில் தடுக்கினான், பின்னால் போய் மறுபடி பிடித்தான். திருத்தச் சொல்லி அவள் நாக்கு துறுதுறுத்தது. கீழே பால்காரன் மணி அடித்தான். யாரோ இருமினார்கள். இத்தனை சத்தத்துக்கு நடுவில், கூப்பிடாமலே நாமம் வந்து அவள் மூச்சில் உட்கார்ந்திருந்ததை ரூபிந்தர் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள். கவனித்ததும் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. எதிரே வயலில் கோதுமை அறுப்புக்குத் தயாராகியிருந்தது. பால்காரனுக்குப் பதில் சொல்ல எழுந்தாள்.