பச்சைச் சாடியை உடைத்தவர்

மாமியார் வீட்டு அலமாரியில் ஒரு பச்சைக் கண்ணாடிச் சாடி இருந்தது. பச்சையின் மேல் வெள்ளைக் கண்ணாடி போர்த்தி, அதை வட்ட வட்டமாகச் செதுக்கி உள்ளிருக்கும் பச்சை தெரியும்படி செய்திருந்தார்கள். வெள்ளையில் ரோஜாப்பூக்கள், வாயைச் சுற்றிப் பொன்கோடு. மாமனாரின் தாத்தாவுக்கு அரண்மனையில் கிடைத்த பரிசு என்று குடும்பத்தில் சொல்லிக்கொள்வார்கள். விளிம்பில் நகமளவு சில்லு பெயர்ந்திருந்தது. அதை உடைத்தது மருமகள் என்றும் சொல்லிக்கொள்வார்கள்.

மருமகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கல்யாணமான மாதத்தில் ஈரத்துணியால் அந்தச் சாடியைத் துடைத்தாள். மறுநாள் மாமியார் சில்லைக் கண்டுபிடித்து வீட்டை இரண்டாக்கிவிட்டார். "நான் உடைக்கல அத்தை" என்று எத்தனை தடவை சொல்லியும் எடுபடவில்லை. கடைசியில் கணவன்தான் தனியே அழைத்து, "மன்னிப்புக் கேட்டுடு, அதோட முடிஞ்சிடும்" என்றான். உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் கேட்டாள். முடியவில்லை, அங்கேதான் தொடங்கியது. அவளுக்கு 'உடைச்சவ' என்று பெயர் விழுந்தது. பதினோரு வருடமாக யார் வீட்டுக்குப் போனாலும், அவள் கையில் தம்ளரைக் கொடுக்கும்போது ஒரு சிரிப்பு. போன மாதம் அவள் மகளே, "அம்மா தொடாதே, உடைச்சிடுவே" என்றாள்.

இப்போது அருங்காட்சியகத்தில் பழைய கண்ணாடிப் பொருட்களுக்கு ஒரு கண்காட்சி நடக்கவிருந்தது. மாமியார் சாடியைத் தர முன்வந்தார். 'அரண்மனைப் பரிசு' என்று பலகையில் எழுத வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அதற்கு முன் சாடி எங்கே பிறந்தது என்று பார்க்க அருங்காட்சியகத்தின் கண்ணாடி நிபுணர் வீட்டுக்கு வந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய பெண்மணி. சாப்பாட்டு மேசையில் கம்பளித்துணி விரித்துச் சாடியைக் கவிழ்த்தார். மாமியார், நாத்தனார், கணவன் மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். மருமகள் கதவோரம் நின்றாள்.

"கையால ஊதினதுதான். செய்யறப்போ பிடிக்கறதுக்காக அடியில ஒட்டின இரும்புக்கம்பியோட தழும்பைத் தேய்ச்சு வழவழப்பாக்கியிருக்காங்க. நல்ல வேலை, நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்" என்றார் நிபுணர்.

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா அரண்மனைக்காகச் செஞ்சது இல்லம்மா. கடல் தாண்டி ஒரு ஊர்ல பட்டறை பட்டறையா இதைச் செஞ்சு கப்பல்ல ஏத்தினாங்க. பூவைப் பாருங்க, அஞ்சு இதழும் ஒரே வீச்சுல போட்டது. நாள் முழுக்க அதே பூவைப் போட்ட கை. கடையில காசு கொடுத்து வாங்கியிருப்பாங்க."

"எங்க வீட்டுப் பெரியவங்க பொய்யா சொல்வாங்க?" என்றார் மாமியார்.

நிபுணர் விளிம்பை லென்ஸில் பார்த்தார். பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, சில்லின் ஓரத்தில் தடவினார். பஞ்சில் பழுப்பு ஒட்டியது.

"இந்த இடத்துல மட்டும் பொன் இல்ல. படச்சட்டத்துக்குப் பூசற, பித்தளைப் பொடி கலந்த பெயிண்ட். உடைஞ்ச இடத்துல, மரத்துல ஓட்டை அடைக்கிற மக்கு வச்சு அடைச்சு, மேல பூசியிருக்காங்க. அப்புறம் எப்பவோ ஈரம் பட்டு மக்கு விழுந்திருக்கு. வீட்டுல யாராவது படத்துக்குச் சட்டம் போடற வேலை பார்த்தாங்களா?"

"அப்பா ஃபிரேம் கடைதானே வச்சிருந்தார்" என்றாள் நாத்தனார். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அப்பா இறந்தது அண்ணன் கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பு.

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் மேசைத்துணியின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான். கார்க் கண்ணாடியில் பின்னால் பார்க்காமலே பார்த்துவிட்டதாகத் தலையாட்டும் மாணவர்களைத் தினமும் பார்ப்பவள் அவள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"சின்ன வயசு. பந்து பட்டுடுச்சு. அம்மா தோலை உரிச்சிடுவாங்கன்னு அப்பாதான் ராத்திரியோட ராத்திரியா..."

"கல்யாணத்தப்போ உனக்கு என்ன வயசு?"

அவனை அவள் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. நிபுணர் லென்ஸை மூடி வைத்தார்.

"அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனசு வரலை."

"அப்பா செத்துப் போயிருந்தார்! உயிரோட இருந்த என்னைக் காட்டிக்கொடுத்தே. மக்கு அந்த ஓட்டையில இல்ல, நான்தான் மக்கு. மன்னிப்புக் கேளுன்னு சொன்னியே, பக்கத்துல நின்னு தோளைத் தட்டினியே, அந்தக் கை கூசல?"

"இத்தனை வருஷமாச்சு, இப்போ போய்..." என்று மாமியார் தொடங்கினார். "எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாமத்தான் ஊரெல்லாம் பேசினீங்களா அத்தை?"

மாமியார் மகன் பக்கம் திரும்பினார். "அப்பனும் புள்ளையுமா சேர்ந்து என்னையும் முட்டாளாக்கிட்டீங்களேடா" என்று கத்தினார். மருமகளிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாடியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பலகையில உண்மையைத்தான் எழுதுவோம். பட்டறையில செஞ்சது, விளிம்பைச் சரிசெஞ்சது ஒரு ஃபிரேம்காரர்னு. சம்மதம்னா சொல்லி அனுப்புங்க" என்று நிபுணர் கிளம்பினார். வாசலில் மருமகளைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போனார்.

மருமகள் உள்ளே வந்ததும் கணவன், "மன்னிச்சுடு" என்றான்.

"வேண்டாம். நான் கேட்ட மன்னிப்பைத் திருப்பிக் கொடு."

"அதை எப்படித் திருப்பறது?"

"யார் யார் முன்னால கேட்டேனோ, அவங்க எல்லாருக்கும் போன் போடு. நான் கேட்கணும், சத்தமா வை."

நாத்தனார், "அண்ணி, இன்னிக்கே வேணுமா?" என்றாள். மருமகள் கணவனின் போனை எடுத்து அவன் முன் வைத்தாள்.

அவன் முதலில் சித்தப்பாவை அழைத்தான். தொண்டையைச் செருமி, சாடியை உடைத்தது தான்தான் என்றான். அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "அடப்பாவி, இதுக்கா ஒரு போன்? சரி, உடைச்சவ சௌக்கியமா?"

அவன் பயத்தோடு அவளைப் பார்த்தான். அவள் முகம் சிவந்திருந்தது, கண்ணில் நீர் இல்லை. நாற்காலியை இழுத்து அவனுக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அவருக்குப் புரியல. திரும்பச் சொல்லு. அப்புறம் அடுத்த நம்பர்."