வரவேற்கும் நாற்காலி

என் மனசாட்சிக்கு அரை மணி நேரத்துக்கு இரண்டாயிரம். கார் அனுப்பினால் ஆயிரத்து எண்ணூறு. பத்து வருடமாக டிவி விவாதங்களில் ‘அரசியல் விமர்சகர்’ என்று உட்காருகிறேன், விலையை ஏற்றியதில்லை. சரக்கின் தரம் எனக்குத் தெரியும்.

அன்று மதியம் தீர்ப்பு வந்தது. அமைச்சரின் தேர்தல் வெற்றி செல்லும். ஓட்டு இயந்திரத்தின் சீல் உடைந்திருந்ததாகச் சாட்சி சொன்ன வாக்குச்சாவடி அதிகாரி நம்பத்தக்கவர் அல்ல. அந்த அதிகாரி ஒரு பள்ளிக்கூட டீச்சர். என் அக்கா.

மேக்கப் அறையில் இருக்கும்போது போன் செய்தாள்.

“தம்பி, சாயங்காலம் நீ பேசறியாமே. ஒரே ஒரு வரி சொல்லிடு. அந்தம்மா பொய் சொல்லலைன்னு. எங்க அக்கான்னுகூடச் சொல்ல வேணாம். நாளைக்கு நான் ஸ்டாஃப் ரூமுக்குள்ள போகணும்டா.”

“இவ்ளோதானே? சொல்லிடறேன்க்கா.”

ஸ்டுடியோவில் இரண்டு நாற்காலிகள். ஒன்று தீர்ப்பை எதிர்ப்பவருக்கு, மற்றது வரவேற்பவருக்கு. எதிர்க்கும் நாற்காலியில் ஒரு வக்கீல் ஏற்கெனவே சட்டமாக உட்கார்ந்திருந்தார்.

“சார், இடம் மாறிக்கலாமா?”

“எனக்கு ஒரு காது அவுட்டு. அந்தப் பக்கம் உக்காந்தா இந்தப் பொண்ணு கேக்கறது ஒண்ணும் விழாது. உங்களுக்கென்ன சார், எந்தப் பக்கம் உக்கார வெச்சாலும் ஓடுவீங்களே!”

நிகழ்ச்சியை நடத்தும் பெண் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வரவேற்கும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வாய் அதன் வேலையைப் பார்த்தது. ஜனநாயகம் வென்றது என்றேன். போன மாதம் வேறொரு தீர்ப்புக்கு, அது செத்துவிட்டது என்று சொன்னதும் இதே வாய்தான். அக்காவின் வரியை நாக்கில் வைத்துக்கொண்டு இடம் பார்த்திருந்தேன்.

வக்கீல் மேஜையைத் தட்டினார். “அந்த டீச்சர் பொய் சொல்லலைங்க! சொல்லி அவங்களுக்கு என்ன கிடைக்கப்போகுது?”

எதிராளி மூச்சு வாங்கும் இடத்தில் புகுவது என் தொழில். புகுந்தேன்.

“நம்பத்தக்கவர் இல்லைன்னு கோர்ட்டே சொல்லியாச்சு. அதுக்கு மேல உங்களுக்கு என்ன தெரியும்?”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. விளம்பர இடைவேளை.

“செம சார்,” என்றாள் அந்தப் பெண். இடைவேளைக்குப் பிறகு வேறு தலைப்பு: ஆளுங்கட்சித் தலைவரின் வெளிநாட்டுப் பயணம். அதையும் வரவேற்றேன்.

திரும்பும் காரில் நானே அக்காவைக் கூப்பிட்டேன்.

“பாத்தியா?”

“பாத்தேன்.” குழாயில் தண்ணீர் விழும் சத்தம். “பவுடர் ஜாஸ்தியாப் போட்டுட்டாங்கடா உனக்கு. சாப்பிட்டியா?”

“இல்லக்கா.”

“சாப்பிடு.” வைத்துவிட்டாள்.

முகத்தைத் துடைத்தேன், கைக்குட்டையில் மாவாக வந்தது. பழக்கதோஷம், கணக்குப் பார்த்தேன். பேசியது பதினொரு நிமிடம். குறுக்கே புகுந்தது ஆறு முறை. கார் வந்ததால் இருநூறு கழிவு. அக்காவுக்கு ஒரு வரி பாக்கி.