களவுக் கன்னு

கன்னையன் தேவாரம் ஊர்ல வெள்ளாமை பாக்குற சம்சாரி வீட்டுப் பிள்ளை. படிச்சது என்னவோ செடிப் படிப்பு. எழுபத்தஞ்சாம் வருசம் அவனைக் குரங்கணிக்கு மேல இருந்த ஏலக்காய் ஆராய்ச்சித் தோட்டத்துக்கு அனுப்பி வச்சாங்க. அப்ப மலை பூராவும் தேமல் நோயி. இலையில வெளுத்த கோடு விழும், செடி குறுகிப்போகும், காய் பிடிக்காது. நோயைப் பரப்புற பூச்சிக்கு ஒரே மருந்தத்தான் எல்லாரும் அடிச்சாங்க. ஒரு தோட்டம் தப்பிச்சுச்சு, பக்கத்துத் தோட்டம் படுத்துருச்சு.

"மருந்துல கோளாறு இல்ல. செடிக்குச் செடி பிறவி வேற," ன்னான் கன்னையன். "ஒரு வயித்துப் பிள்ளைகள்லயே ஒண்ணுக்குக் கசாயம் கேக்கும், ஒண்ணுக்குக் கேக்காதுல்ல? ரகம் பலதா இருந்தாத்தான் ஒண்ணாவது தப்பும்."

அதைக் கண்டுபிடிக்கத் தோட்டம் தோட்டமா ஏறி எறங்கி, ரகத்துக்கு ரெண்டு கன்னு கேட்டு வாங்கி நட்டான். ஒண்ணுக்கு மருந்து, ஒண்ணுக்கு வெறும் தண்ணி.

எல்லாரும் குடுத்தாங்க. மேல ஓடைக்கரையில ஏலம் போட்டிருந்த பொன்னுமணியக்கா ஒருத்திதான் கையை விரிச்சுட்டா.

"கேட்டு வாங்குன கன்னு தழைக்காது தம்பி. குடுத்தவ தோட்டமும் வெளங்காது. போயி வேற சோலியப் பாரு," ன்னு சொல்லிட்டு, புல்லுக்கட்டைத் தலையில தூக்கிக்கிட்டு முதுகைக் காட்டித் திரும்பிட்டா.

ஓடைக்கரையில அவ ஏலத்தூரு, ஒரே வேருல பத்துப் பதினஞ்சு கன்னு வெடிச்சு, கருகருன்னு நிக்குது. கன்னையன் அக்கம்பக்கம் பாத்தான். ஒத்தக் கன்னை மட்டும் கிண்டி, துண்டுக்குள்ள சுருட்டிக்கிட்டு மளமளன்னு எறங்கிட்டான். படிச்ச களவாணி! அதைத் தண்ணி வரிசையில, பாறையோரமா நட்டு வச்சான்.

மூணு வருசத்துல மத்த ரகமெல்லாம் மருந்து குடிச்சும் தள்ளாடுது. பாறையோரத்துத் தூரு மட்டும் ஒரு சொட்டு மருந்தில்லாம கொத்துக் கொத்தாக் காய்க்குது. மனுசன் சும்மா இருந்தானா? மொக்கச்சாமி டீக்கடையில உக்காந்து ஊருக்கே சொல்லிட்டான். "இன்னும் ரெண்டு வருசம் சோதிச்சுட்டு ஆளுக்கொரு கன்னு நானே தர்றேன். அதுவரைக்கும் யாரும் தொட்டுறாதீங்க."

அடேய் கூறுகெட்டவனே! கறிவேப்பிலையிலருந்து ஏலம் வரைக்கும் களவாண்டு நட்டாத்தான் பிடிக்கும்னு நம்புற சனத்துக்கிட்டயா இதைச் சொல்றது?

வீரபாண்டித் திருவிழா வந்துச்சு. காவக்காரன் ராக்கையாவும் எறங்கிட்டான், கன்னையனும் எறங்கிட்டான். திரும்பி வந்து பாத்தா பாறையோரத்துல வெறும் குழி. ஒரு வேரு கூட மிச்சமில்ல. ஆளுக்கு ஒண்ணு ரெண்டுன்னுதான் எடுத்திருக்காங்க. மிச்சம்தான் கெடக்கேன்னு ஒவ்வொருத்தனும் நெனச்சிருக்கான்.

டீக்கடையில போயி நியாயம் கேட்டான். "அடப்பாவமே! எந்தக் களவாணிப்பய பாத்த வேலை இது?" ன்னு ஆளாளுக்குக் கொதிச்சாங்க. ராக்கையா கொதிச்சதுதான் எல்லாத்தையும் விட ஒசத்தி.

அடுத்த வாரம் மதுரையிலருந்து பெரிய அதிகாரி அந்தத் தூரைப் பாக்கத்தான் வர்றாரு. தூரு இல்லேன்னா தோட்டத்தையே இழுத்து மூடிருவாங்க. மூணு வருசப் பாடு மண்ணாப் போகும். கன்னையன் குழிக்குப் பக்கத்துலயே உக்காந்து அழுதுட்டான்.

அப்பத்தான் அவனுக்கு ஓடைக்கரை ஞாபகம் வந்துச்சு. தாய்த்தூரு அங்க இருக்குமே! ஒரே ஓட்டமா மலையேறுனான். போயிப் பாத்தா ஓடைக்கரையே இல்ல, போன ஐப்பசி வெள்ளம் இழுத்துட்டுப் போயிருந்துச்சு. ஆனா பொன்னுமணியக்காவோட ஆட்டுக்கொட்டாய்க்குப் பின்னால, முள்ளை வெட்டிப் போட்டு மறைச்சு, புதுசா நட்ட கன்னு ரெண்டு நின்னுச்சு. அவனுக்கா அடையாளம் தெரியாது!

"அக்கா! இது என் கன்னு!"

பொன்னுமணி புல்லுக்கட்டோட வந்து நின்னா. "உன் கன்னா? நீ எங்கருந்துடா கொண்டாந்த?"

கன்னையன் தோள்ல கெடந்த துண்டை இழுத்துச் சரிபண்ணுனான்.

"துண்டுக்குள்ள சுருட்டுனப்ப நான் பாக்கலைன்னா நெனச்ச? வாயத் தொறந்து குடுத்திருந்தா அது அன்னைக்கே பட்டுப்போயிருக்கும். அதான் முதுகைக் காமிச்சேன். என் தூரு வெள்ளத்தோட போச்சு, அதான் திருவிழாவுல வந்து என் பொருளை நான் எடுத்துக்கிட்டேன்."

அவனுக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. ஆனா அதிகாரி வர்றாரே. "அக்கா, இது இல்லேன்னா என் பொழப்பே போச்சு. ஒண்ணே ஒண்ணு குடுக்கா."

"மறுபடியும் கேக்குறான் பாரு, கேனப்பய!"

விருட்டுன்னு புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில வச்சா, முதுகைக் காட்டித் திரும்பிட்டா. கன்னையன் முள்ளை விலக்கி, மண்டியிட்டு, வெரசா விரலாலயே மண்ணைப் பறிக்க ஆரம்பிச்சான். நகம் பிஞ்சதுதான் மிச்சம்.

அக்கா திரும்பிப் பாக்காமலே சத்தம் போட்டா. "மம்பட்டி கொட்டாய்ச் சுவத்துல சாஞ்சிருக்கு. அதையும் கேக்காம எடுத்துக்க."