புரண்டு படுக்கும் வரை

அந்த எலியை மல்லாக்கப் படுக்க வைத்து வெகுநேரமாகிவிட்டது. மயக்க ஊசி போட்ட எலி தானாகப் புரண்டு நான்கு காலில் நின்றால்தான் விழித்ததாகக் கணக்கு. அதற்கு முன் மீசை ஆடினாலும் செல்லாது. சாதாரணத் தீனி தின்ற எலிகள் எப்போதோ எழுந்து ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்தன. துத்தநாகம் நீக்கிய தீனி தின்றவைதான் இன்னும் கட்டையாகக் கிடந்தன. மருந்தைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலின் நொதிகள். சாப்பாட்டில் அந்தத் துளி உலோகம் இல்லையென்றால் அவை சோர்ந்துவிடும், கொஞ்சம் மருந்தே உடம்பில் தங்கி ஆட்டம் போடும். அந்தத் தீனியைக் கலப்பதில் ஆய்வகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"இதுங்க தீனியையே சரியா தொடலம்மா. நாக்கு செத்துப் போச்சு போல," என்றார் கூண்டு கழுவும் அக்கா.

"ஆமாக்கா. துத்தநாகம் கொறைஞ்சா ருசியும் போயிடும்," என்றாள் அவள், எலியிலிருந்து கண்ணெடுக்காமல்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

மாமியார் இறந்தபின் மாமனார் அவர்களோடுதான் இருக்கிறார். வந்த கொஞ்ச நாளிலேயே, "எல்லாம் சப்புன்னு இருக்கும்மா," என்று தட்டைத் தள்ளினார். மாமியாரின் கைப்பக்குவத்தோடு ஒப்பிடுகிறார் என்று அவளுக்குச் சுருக்கென்றது. "அப்ப உங்களுக்குப் பிடிச்சதையே சாப்பிடுங்க மாமா," என்றாள். மனுஷன் டீயும் ரொட்டியுமாக மாதக்கணக்கில் ஓட்டினார். அவளுக்கும் வீம்பு, கேட்கவில்லை. எலிக்கு அளந்து அளந்து கலந்தவள், வீட்டில் வீம்பிலேயே அந்தத் தீனியைத் தயாரித்திருந்தாள்.

தூக்கம் வராமல் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தவருக்கு டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்திருந்தார். சில நாட்களாக விடிந்தும் எழுவதில்லை. இன்று காலைகூடக் கணவன், "அப்பா இப்பதான் நிம்மதியா தூங்கறார், எழுப்பாத," என்றான். அவளும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரை நடந்தாள். ஒரு டீ போடும் வேலை மிச்சம் என்று சந்தோஷமாகவும் இருந்தது.

வீட்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது.

"அக்கா, இது புரளுதான்னு பாத்துக்குங்க."

"நீ எங்கம்மா போற?"

அவள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள். ஆட்டோவில் போகும்போதே ஆம்புலன்ஸுக்கும் கணவனுக்கும் சொன்னாள்.

அவர் காலையில் கிடந்தபடியே மல்லாந்து கிடந்தார். உச்சி வெயில் ஜன்னல் வழியாகக் கால்மாட்டில் விழுந்திருந்தது. நெஞ்சு மெதுவாக ஏறி இறங்கியது. அவள் தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நான் சமைச்சதுல தப்பே இருக்கட்டும். எவ்வளவு வேணா திட்டுங்க. ஒரே ஒரு தடவை புரண்டு படுங்க மாமா."

அவருடைய நரைத்த மீசை லேசாக ஆடியது. அவள் மீசையைப் பார்க்கவில்லை. அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.