இரண்டாவது மடிப்பு

படகை விற்பதா வேண்டாமா என்பதை எதிர்க்கரையில் இறங்கும்போது சொல்வதாக என் மனைவி சொல்லியிருந்தாள். அதுவரை நான் கேட்கக் கூடாது. விற்பதென்றால் வாங்கிக்கொள்ள எங்கள் துறையின் படகுத் தச்சர் தயாராக இருந்தார். எதிர்க்கரையில் அவளுடைய அக்கா வீடு. விரிகுடாவைக் குறுக்கே கடந்தால் இரண்டு மணி நேரம். பேருந்தில் சுற்றிப் போனால் அரை நாள். ஒரு வருடமாக அவள் பேருந்தில்தான் போய் வந்துகொண்டிருந்தாள்.

காரணம் நான்தான். புத்தகம் கட்டுவது என் தொழில். அட்டையின் மேல் துணி ஒட்டும்போது நடுவில் ஆரம்பித்து ஓரங்களை நோக்கித் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே காற்று அடைபட்டுக் கொப்புளம் வரும். இருபத்தாறு வருடங்களாக என் கைக்குத் தெரிந்த ஒழுங்கு அது ஒன்றுதான்.

என் படகுக்கு ஒரே பாய், நான்கு மூலைகள். தலைப்பக்கத்தைப் பருமல் என்கிற கம்பு சாய்வாகத் தாங்குகிறது. அடிப்பக்கம் வெறும் துணி. காற்று மிஞ்சினால் பருமலைக் கொஞ்சம் இறக்கி, அடித்துணியைச் சுருட்டி, பாயின் குறுக்கே வரிசையாகத் தைத்திருக்கும் ஐந்து நாடாக்களால் கட்டிவிட வேண்டும்; இதைத்தான் மடிப்பு என்போம். பாய் சிறிதாகிவிடும், படகு நிதானமாகிவிடும். ஆனால் நாடாக்களைத் தொடுவதற்கு முன், அந்த வரிசையின் இரண்டு ஓரங்களிலும் இருக்கும் பித்தளை வளையங்களை இழுத்து மாட்டியாக வேண்டும். காற்றின் பாரம் முழுவதும் அந்த இரண்டு வளையங்களில்தான் இறங்குகிறது. தளர்ந்த துணி பறக்காமல் பிடித்துக்கொள்வதோடு நாடாக்களின் வேலை முடிந்தது.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும், போன வருடம் விரிகுடா நடுவில் காற்று ஏறியபோது, என் கை நேராக நடு நாடாவுக்குப் போனது. நடுவில் கட்டி, அதன் இரு பக்கமும் கட்டி, ஓரங்களுக்கு வருவதற்குள் பாய் காற்றை வாங்கிவிட்டது. நடு நாடாவில் ஆரம்பித்த கிழிசல் ஓரம்வரை ஓடியது. பழைய அட்டையிலிருந்து காகிதத்தை உரிக்கும்போது கேட்கிற அதே சத்தம். சேற்றுத் திட்டில் போய் ஒதுங்கினோம். இரண்டு மணி நேரம் கழித்துத் தூர்வாரும் படகு எங்களைக் கட்டி இழுத்து வந்தது. துறை முழுவதும் நின்று பார்த்தது. அன்றிலிருந்து அங்கே என் பெயர் நடுமுடிச்சு.

அந்த இரண்டு மணி நேரமும் என் மனைவி கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு மூன்று நாள் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் நான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். அவள் முன்னால் நான் ஒன்றுமே இல்லை.

இந்த வருடம் புதுப் பாய் தைத்தேன். மடிப்புக்கு ஒரு வரிசைக்குப் பதில் இரண்டு வரிசை வைத்தேன். பட்டறையில் அழுத்து இயந்திரத்துக்கும் கதவுக்கும் நடுவில் பாயைக் கட்டித் தொங்கவிட்டு, தினமும் வேலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பழகினேன். முன் ஓரம், பின் ஓரம், பிறகு நாடாக்கள். கையை மறக்கவைப்பது பழக்குவதைவிடக் கடினம். ஆனால் மறந்தது.

அன்று காலை துறையிலேயே, படகு கட்டிக் கிடக்கும்போதே முதல் மடிப்பைப் போட்டேன். எங்கள் துறையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. நாலு பேர் பார்க்கும் இடத்தில் பாயைச் சுருக்கினால் மானம் போய்விடும் என்று நினைப்பு. முழுப் பாயோடு மிடுக்காகக் கிளம்பி, துறையை மறைக்கும் முனையைத் தாண்டி, யாரும் பார்க்காத இடத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சுருக்குவார்கள். போன வருடம் நானும் அந்த மிடுக்கோடுதான் கிளம்பினேன்.

தச்சர் கல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன நடுமுடிச்சு, மழையவே காணோம், அதுக்குள்ள வேட்டிய மடிச்சுக் கட்டிட்டீங்க?"

"முனைக்கு அந்தப் பக்கம் பெய்யுது."

"பெய்யட்டும் பெய்யட்டும். அண்ணி, நீங்க பாத்துக்கங்க. என் படகுல ஒரு கீறல் விழக் கூடாது."

"இன்னும் உங்க படகு ஆகல," என்றாள் என் மனைவி, ஏறிக்கொண்டே. "ஆனப்பறம் நீங்களே கீறிக்கங்க."

அலைதடுப்புச் சுவரின் மறைவில் காற்றே இல்லை. சுருக்கிய பாயோடு படகு ஊர்ந்தது. தச்சர் எழுந்து சுவரின் மேல் எங்களுக்குச் சமமாக நடந்து வந்தார். கொஞ்ச நேரத்தில் எங்களைத் தாண்டிப் போய், சுவரின் முடிவில் நின்று கொட்டாவி விட்டார்.

"போய்ச் சேந்ததும் கடுதாசி போடுங்க!" என்று கத்தினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் மனைவி சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொள்வது மாதிரி பார்வையை அதன் மேலேயே வைத்திருந்தாள்.

முனை தாண்டியதும் காற்று வந்தது. பாய் ஒரு முறை படபடத்து இறுகியது. படகு லேசாகச் சாய்ந்து, ஓட ஆரம்பித்தது. ஒரு மடிப்புக்கு அளவான காற்று. சுக்கான் பிடியை இரண்டு விரலால் பிடித்திருந்தேன். அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும். அவள் மருந்துக்கடை நடத்துகிறவள். எதையும் அளந்து பார்க்கிற கண். அந்தக் கண் பாயில் கட்டியிருந்த ஐந்து நாடாக்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து பார்த்தது.

பாதி தூரம் வந்திருப்போம். மேற்கே தண்ணீரின் நிறம் மாறியது. சாம்பல் நிறத்தின் மேல் கரும்பட்டையாக ஒன்று, அதன் விளிம்பில் வெள்ளை நுரை. பலத்த காற்று. எங்களை அடையப் பத்து நிமிடம் ஆகலாம்.

"இன்னொரு மடிப்பு போடப் போறேன்," என்றேன்.

"இப்பவேவா? நல்லாத்தானே போகுது?"

"நல்லாப் போறப்பத்தான் போடணும்."

அவளும் திரும்பி அந்தக் கரும்பட்டையைப் பார்த்தாள். பிறகு கைப்பையைப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"நான் கட்டறேன். நீங்க வாயால சொல்லுங்க."

நான் தனியாகச் செய்வதாகத்தான் திட்டம். சுக்கானைக் கட்டிவிட்டு, பாயை இறக்கி, மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவேன். இரண்டு பேர் என்றால் இன்னும் நல்லது. ஒருவர் துடுப்பால் படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அவள் ஒரு முடிச்சைத் தப்பாகப் போட்டால் இந்தப் பாயும் போகும். அதன்பின் படகைப் பற்றி அவள் எதுவும் சொல்லவே தேவையிருக்காது. யோசித்தேன். யோசிக்கிற நேரம் நீண்டுவிட்டது போலிருக்கிறது.

"போன தடவ எனக்குப் பயம் தண்ணியப் பாத்து இல்லைங்க," என்றாள். "நீங்க அங்க மல்லுக்கட்டிட்டு இருக்கீங்க, நான் மூட்டை மாதிரி உக்காந்திருக்கேன். இன்னொரு தடவ அப்படி என்னால உக்கார முடியாது."

ஒரு வருடமாக அவளுடைய மௌனத்தை நான் தப்பாகப் படித்திருந்தேன்.

பாயைத் தளர்த்திவிட்டேன். துடுப்பை எடுத்து மூக்கைக் காற்றுக்குத் திருப்பினேன். பாய் சடசடவென்று அடித்துக்கொண்டது.

"பாய்மரத்துல கட்டியிருக்கிற கயித்த அவுத்து, மெதுவா விடு. பருமல் இறங்கும். போதும். முன் ஓரத்துல மேல இருக்கிற வளையத்தக் கொக்கியில மாட்டு."

மாட்டினாள். இறங்கிய துணி நடுவில் மொத்தமாகக் குவிந்து, காற்றில் எழுந்து அவள் முகத்தில் அறைந்தது. அவள் கை அதை அமுக்க நடு நாடாவைப் பிடித்தது. அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். அது என் கை.

"விட்டுடு. அடிக்கட்டும். பின் ஓரம்."

"முகத்துலயே அடிக்குதுங்க!"

"அடிக்கட்டும். பின் ஓரத்துக்குப் போ."

ஒரு கணம் அப்படியே இருந்தாள். பிறகு நாடாவை விட்டாள். தவழ்ந்து பின்னால் வந்து, நான் சொல்லச் சொல்ல, பாயை இழுக்கும் கயிற்றைக் கீழ் வளையத்திலிருந்து கழற்றி மேல் வளையத்தில் கட்டினாள். படகின் தரையில் உட்கார்ந்து, பக்கப் பலகையில் காலை ஊன்றி இழுத்தாள்.

"எவ்வளவு இழுக்கணும்? அளவு சொல்லுங்க."

"துணில ஒரு கோடு தெரியும். இந்த வளையத்துலேர்ந்து அந்த வளையத்துக்கு, நேரா. அது தெரியற வரைக்கும்."

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, அளவுகோல் வைத்துக் கீறியது போல் கோடு விழுந்தது.

"தெரியுது!"

"கயித்தக் கட்டிடு. இப்ப நாடா. துணியச் சுருட்டிச் சேத்துப் பிடிச்சுக் கட்டு. ரொம்ப இறுக்காத."

"பொட்டலம் கட்டற முடிச்சு போதுமா?"

"அதேதான். ஒரு காது விட்டு வை. ஒரே இழுப்புல அவுழணும்."

ஐந்து நாடாக்களையும் கட்டினாள். கடையில் ஆள் வரிசையில் நிற்கும்போது கட்டுகிற வேகம். துடுப்பைக் கீழே போட்டேன். பருமலை ஏற்றும் கயிற்றில் இருவரும் சேர்ந்து தொங்கினோம். முன் ஓரம் விறைத்து நின்றது. நான் சுக்கானுக்குப் பாய்ந்தேன். மூக்கு திரும்பியது, பாய் நிறைந்தது, கரும்பட்டை எங்கள் மேல் வந்து விழுந்தது.

படகு சாய்ந்தது. நுரை பக்கப் பலகைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நான் எந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேனோ அது வரவில்லை. இரண்டு வளையங்களும் கயிறுகளை முறுக்கிக்கொண்டு நின்றன. நாடாக்கள் தளர்வாக, ஒய்யாரமாகக் கிடந்தன.

அவள் நனைந்த முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. என் பக்கத்தில், மேட்டுப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். கையைப் பார்த்துக்கொண்டாள், கயிறு உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. படகை விற்பதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதற்காக அல்ல. கேட்க எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை.

எதிர்க்கரையின் வீடுகளுக்குச் சன்னல்கள் முளைத்தன. இறங்குதுறையில் அவளுடைய அக்கா நிற்பது தெரிந்தது.

"இதுக்கும் மேல காத்து வந்தா என்ன பண்றது?" என்றாள்.

"அந்தக் காத்துல கிளம்பக் கூடாது."

"கிளம்பினப்பறம் வந்தா?"

பாயைப் பார்த்தேன். இரண்டாவது வரிசைக்கு மேல் இன்னும் ஒன்றுக்கு இடம் இருந்தது.

"மூணாவது வரிசை தைக்கலாம்," என்றேன்.

"தைங்க. நாடா ஒரு சாண் நீளமாவே வைங்க. சுருட்டினா பத்த மாட்டேங்குது. வளையத்த நான் தைக்கறேன், உங்க தையல் கோணுது."

அக்கா கரையிலிருந்து கை தட்டிக் கூப்பிட்டாள். "ஏண்டி, பாய் ஏன் இத்தனூண்டு இருக்கு? துணி பத்தலையா?"

என் மனைவி எழுந்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு, வாயில் கை குவித்துக் கத்தினாள்.

"நான்தான்க்கா சுருக்கினேன்!"