துறைத்தலைவர் மூச்சை அடக்கினார்

எனக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவந்துவிடும். எழுபத்தெட்டில் ஒருநாள் காது வரைக்கும் சிவந்தது. புதுச்சேரியில் வில்லியனூர் ரோட்டில் இருந்த எங்கள் கல்லூரியில் நான் உடலியல் பாடம் எடுக்க வந்த புதிது. துறைத்தலைவர் அரங்கநாதன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"இன்பமேரி, உங்க கிளாஸ் சந்தைக்கடையா கீது. ஒழுங்கா நோட்ஸ் சொல்லி எழுத வைங்க."

"நோட்ஸ் சொன்னா எழுதறாங்க சார். ஆனா ஒண்ணும் புரிஞ்சுக்க மாட்டேங்கிறாங்க."

"நாளைக்கு நான் வந்து உக்கார்றேன். அப்பவும் இதே சத்தம்தான்னா, வருஷம் பூரா நோட்ஸ்தான்."

வருஷம் பூரா ஒப்பிப்பதற்கா இவ்வளவு படித்தேன்? வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். அழுதுவிட்டு, அடுத்த நாளும் என் இஷ்டத்துக்குத்தான் நடத்துவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் அவர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "எல்லாரும் நல்லா மூச்சை இழுத்து அடக்குங்க," என்றேன். ஒருத்தன் கண் பிதுங்கினான், ஒருத்தி சிரித்தே தோற்றாள். அமர்க்களம்தான். "ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

"காத்து தீந்துபோச்சு மிஸ்!" என்று வகுப்பே கத்தியது.

சார் எழுந்துவிட்டார். "பார்த்தீங்களா? அத்தனையும் தப்பு. நோட்ஸ் சொல்லியிருந்தா சரியா எழுதியிருப்பானுங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. "நீங்களும் ஒருதரம் அடக்கிப் பாருங்க சார்!" என்று சொல்லிவிட்டேன்.

"நானா? எங்க ஊர் திருக்கனூர்ல என்னை சடுகுடுல ஜெயிச்சவன் யாரு?" என்று அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மூச்சை இழுத்தார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. பையன்கள் கைதட்டினார்கள். கடைசியில் தன் முன்னால் மேசையில் இருந்த காகிதமெல்லாம் பறக்க, 'பூ' என்று ஊதிவிட்டார்.

அப்போது கில்பர்ட் எழுந்தான். அட்டெண்டன்ஸுக்குத் தவிர வாயே திறக்காதவன். இந்த வருஷம் ஃபெயிலாகிவிடுவான் என்று நானே பயந்துகொண்டிருந்தேன்.

"சார்... காத்து தீந்துபோயிருந்தா முதல்ல உள்ளதானே இழுத்திருக்கணும்? நீங்க வெளியதான வுட்டீங்க? அவ்ளோ காத்து உள்ளதானே இருந்துச்சு?"

"அப்ப உள்ள இன்னாவோ சேந்துபோயி, வெளிய போறேன்னு முட்டுது," என்று அவனே மெதுவாகச் சொன்னான்.

"கரியமில வாயுடா!" என்று கத்தியது நானில்லை, அரங்கநாதன் சார். "அதுதான்டா மூளையை உசுப்புது! எத்தினி வருஷமா இந்த வரியைச் சொல்றேன். ஒரு பய இப்படிக் கேட்டதில்லையே!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்தார்கள்.

"உக்காருங்கடா," என்று அதட்டிய சார், என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அடுத்தது இன்னா பண்ணணும்?"