நாலாம் பத்தில் நகரும் கார்

மாங்குளத்தில் வின்சனுக்கு நல்ல பெயர். உழுகிற லான்ட்மாஸ்டர், தண்ணிப்பம்பு, நெல்லு வெட்டுற மெசின், எதைக் கொண்டுவந்தாலும் சத்தத்தைக் கேட்டே வருத்தத்தைச் சொல்லிவிடுவான். ஆனால் அவனுடைய சொந்த முற்றத்தில் ஒரு பழைய ஜப்பான் கார் எட்டு மாதமாகச் சுகமில்லாமல் நின்றது. சனம் அதைச் சொல்லிச் சிரித்தது. வின்சனும் சேர்ந்து சிரித்தான். அவனுக்குச் சிரிக்கக் காரணம் இருந்தது.

கார் அவனுடைய மனுசி புனிதமலருடையது. மல்லாவியில் ரீச்சர். ஒட்டோ கியர் கார். காலையில் ஸ்ராட் பண்ணிக் கியரைப் போட்டால் என்ஜின் உறுமும், கார் அசையாது. சூடேறினால்தான் நகரும். சும்மா இருப்பானேன் என்று புனிதமலர் செபமாலை சொல்லத் தொடங்கினாள். அவள் முதற்பாதி சொல்ல, மறுபாதி சொல்ல ஆள் வேண்டுமே. வின்சன் பக்கத்துச் சீற்றில் ஏறிக்கொண்டான். கார் நகரத் தொடங்கினால் இறங்கிக் கராஜுக்குப் போவான்.

தை மாதத்தில் செபமாலையின் ஐந்து பத்துச் செபங்களில் முதல் பத்து முடியக் கார் நகர்ந்தது. சித்திரையில் இரண்டாம் பத்து. ஆவணியில் நாலாவது. இவ்வளவு துல்லியமான அளவுகருவி வேறெந்த மெக்கானிக்குக்கும் கிடைத்திராது. கியர்பெட்டிக்குள் ஒயிலின் அமுக்கத்தைப் பிடித்துவைக்கிற றப்பர் சீல்கள் காய்ந்து இறுகிவிட்டன. குளிரில் ஓரத்தால் கசியும்; சூட்டில் இளகிப் பிடிக்கும். முதற் கிழமையே கண்டுபிடித்துவிட்டான். கொழும்பிலிருந்து புதுச் சீல்களை எடுப்பித்தும் விட்டான். எடுப்பித்து, கராஜ் அலுமாரிக்குள் பழைய பேப்பருக்குக் கீழே ஒளித்தும் விட்டான்.

அவன் வீட்டுக்கு வர அவள் கொப்பி திருத்துவாள். கொப்பி முடிய அவன் குறட்டை விடுவான். பதின்மூன்று வருடக் கலியாணத்தில் இரண்டு பேரும் ஒரு சோலியுமில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது அந்தக் காருக்குள்தான். பத்துக்கும் பத்துக்கும் இடையில் அதிபரின் கோபமும் மத்தியானக் கறியும் வந்துபோயின. மாதா பொறுத்துக்கொள்வா என்று நம்பினான்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நேரம் போய்விட்டது. மூன்றாம் பத்திலேயே கார் கொஞ்சம் அசைய, புனிதமலர் வெளிக்கிட்டுவிட்டாள். ரயில் கடவையில், தண்டவாளத்துக்கு நேர் மேலே, கார் கைவிட்டது. பின்னால் உழவு மெசினில் வந்த வீரகத்தியர் இறங்கித் தள்ளிவிட்டு, நேரே கராஜுக்கு வந்தார்.

"உன்ரை மனுசியை இப்பதான் தள்ளிவிட்டுட்டு வாறன், தம்பி. பயப்பிடாதை, ரயில் வரேல்லை. ஆனா நீ மெக்கானிக் எண்டு வெளியிலை சொல்லித் திரியாதை."

வின்சன் கையிலிருந்த ஸ்பனர் அவன் காலில் விழுந்தது. நோவே தெரியவில்லை.

சனிக்கிழமை கியர்பெட்டியைக் கழற்றினான். ரயருக்குக் காற்றடிக்கிற குழாயை ஒயில் போகும் துளையில் வைத்து ஊத, காற்று 'ஸ்ஸ்' என்று வெளியே ஓடியது. கழன்று வந்த சீல்கள் விரலில் ஒடிந்தன. புதுசுகளை ஒயிலில் ஊறவைத்தான். அவற்றின் மெல்லிய உதடு மடங்காமல் உள்ளே இறங்கவேண்டும். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவனல்லவா, மீன்பிடித் தங்கூசி நூலை வளையமாக்கிச் சுற்றிவர நீவி இறக்கினான். திரும்ப ஊதினான். உள்ளே கிளச் 'டொக்' என்று இடித்துப் பிடித்தது. வாழ்க்கையிலேயே முதல்தரம் வேலை சரிவந்ததற்காக அவனுக்குக் கவலை வந்தது.

திங்கள் காலை, கியரைப் போட்டதும் கார் நகர்ந்தது. வாசற் படலையடியில் நின்று வின்சன் கை காட்டினான். கார் அவன் பக்கத்தில் வந்து நின்றது.

"இஞ்சாருங்கோ, சாமான் ஒரே நாளிலை கொழும்பிலையிருந்து வந்ததோ?"

"ஓம்... இப்ப எல்லாம் வேகம்தானே."

"சீல் வந்த பெட்டியிலை தை மாசத் திகதி கிடந்தது."

வின்சன் முன் ரயரைப் பார்த்தான். ரயரில் ஒரு பிழையும் இல்லை.

"தண்டவாளத்திலை நிண்டது நான்," என்றாள் அவள்.

"தெரியும். அண்டையிலையிருந்து எனக்கு நித்திரையில்லை." "உமக்குப் பக்கத்திலை இருக்க ஆசையாக் கிடந்தது, புனிதம். அதுதான்."



"அதை வாயாலை கேக்கிறதுக்கென்ன? விசரன்."

என்ஜினை நிறுத்தினாள். கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்தாள்.

"ஏறுங்கோ. இண்டைக்கு அஞ்சு பத்தும். தண்டனை."

வின்சன் ஏறினான். இரண்டாம் பத்து முடிய, கண்ணைத் திறக்காமலே அவள் கேட்டாள்:

"மத்தியானத்துக்கு என்ன மீன் வாங்கப் போறியள்?"